முதலில் லட்டு, பிறகு தீர்ப்பு

போன மாதம் நான் ஒரு வழக்கில் ஜெயித்தேன். கோர்ட் படி ஏறாமல், கறுப்புக் கோட்டு மாட்டாமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜெயித்தேன். அந்த வெற்றி ஒரு சாயங்காலம் முழுக்க நீடித்தது. மறுநாள் காலை, காபி ஆறுவதற்குள் தோற்றுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். அதற்குள் லட்டு வேறு விநியோகம் ஆகியிருந்தது.

முதலிலிருந்து சொல்கிறேன். எதையும் முதலிலிருந்து பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதுதான் இந்த வாரத்துக் கதையே.

புதுச்சேரி எல்லையில், கோரிமேட்டில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர் வரிசையில், ஒரு சின்னக் கடை இருக்கிறது. ஃபிளாஸ்க், பிளாஸ்டிக் மக்கு, பாய், போர்வை, சோப்பு, போன் சார்ஜர், பிறந்த குழந்தைக்குத் துணி – ஆஸ்பத்திரிக்கு ஓடி வருகிற அவசரத்தில் வீட்டில் மறந்துவிட்டு வரும் அத்தனையும் அங்கே கிடைக்கும். விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், நோயாளியை அட்மிட் செய்த கையோடு இங்கேதான் வருவார்கள். கடைக்குப் பெயர்ப் பலகை உண்டு, யாரும் படிப்பதில்லை. 'ஃபிளாஸ்க் கடை' என்று சொன்னால் போதும், எந்த ஆட்டோக்காரரும் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

என் கணவருக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது எனக்கும் அந்தக் கடைதான் கதி. கல்லாவில் இருந்த ஹசீனா, என் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் கேட்பதற்கு முன்பே ஒரு பாயையும் ஒரு ஃபிளாஸ்க்கையும் எடுத்து வைத்தாள். "மொதல்ல டீ குடிங்கக்கா. ஆபரேஷன் நடக்கறப்ப நீங்க மயக்கம் போட்டு விழுந்தா, டாக்டர் யாரைப் பாப்பாரு?" என்றாள். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதிகள்.

அவள் கணவர் சாதிக் அப்போது இருந்தார். எந்நேரமும் டி.வி.எஸ். வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு அலைகிற மனிதர். போன ரம்ஜானுக்குக் கொஞ்சம் முன்னால் மாரடைப்பு... கடைக்கு எதிரிலேயே அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருந்தும், அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

அந்த ஹசீனா ஒரு நாள் மத்தியானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு வக்கீல் நோட்டீஸ்.

கடையின் சொந்தக்காரர் முசியே அந்துவான். 'முசியே' என்பது நம்மூரில் இன்னும் புழக்கத்தில் இருக்கும் மரியாதை – பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது, அவன் விட்டுப்போன 'ஐயா' மட்டும் போகவில்லை. அந்துவானுக்கு எழுபது தாண்டியிருக்கும். மகன் பாரீசில். நோட்டீஸ் அவர் பெயரில்தான் வந்திருந்தது. விஷயம் இதுதான்: கடையை வாடகைக்கு எடுத்தவர் சாதிக், அவர் இறந்துவிட்டார், மனைவி வீட்டோடு இருந்தவர், கணவர் உயிரோடு இருந்தவரை வியாபாரத்தில் அவருக்குச் சம்பந்தமே கிடையாது, ஆகவே காலி செய்துவிட்டுச் சாவியைக் கொடுக்கவும்.

"மருந்துக் கடைக்காரங்களுக்குக் குடுக்கப் போறாங்களாம். பெரிய கம்பெனி. ஊர் ஊரா கடை வெச்சிருக்காங்களாம்" என்றாள் ஹசீனா.

"வேற எடம் பாக்க முடியாதா?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன்.

"எங்கக்கா பாக்கறது? ஆஸ்பத்திரிக்கு எதுக்க இல்லாத கடைல ஃபிளாஸ்க்கு யாரு வாங்குவா? பொண்ணுங்க ரெண்டும் படிக்குதுங்க. எனக்கு இந்த ஒரு யாவாரம்தான் தெரியும்."

அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சமாதானம் சொல்ல வந்திருக்கும்.

என் பள்ளிக்கூடத் தோழி பிலோமின் வக்கீல். கான்வென்ட்டில் எனக்கு அடுத்த பெஞ்ச். அப்போதே மற்றவர்கள் சண்டையைத் தீர்த்துவைத்து, அதற்குக் கூலியாக மாங்காய் வாங்கித் தின்றவள். நோட்டீஸைப் படித்தாள். "இது ஒண்ணும் உலகம் அழிஞ்சு போற விஷயம் இல்ல. ஆனா இந்த மாதிரி கேஸ்ல இதுக்கு முன்னாடி கோர்ட் என்ன சொல்லியிருக்குன்னு பாக்கணும். நாளைக்குப் பூரா எனக்குக் கோர்ட்டு. நாளான்னிக்குத்தான் ஒக்கார முடியும்" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "நான் தேடித் தரேன்டி. கம்ப்யூட்டர்தானே?" என்றேன். கூகுளில் ரசப்பொடி அளவு தேடுகிறவளுக்கு என்ன ஒரு தைரியம்!

பிலோமின் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மறுநாள் காலை தன் ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்காரவைத்து, வக்கீல்கள் தீர்ப்புகளைத் தேடுகிற அந்தத் தளத்தைத் திறந்து கொடுத்தாள். "தேடு, படி. வேற எதையும் அமுக்காத" என்று சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

உங்களில் யாராவது அந்த மாதிரி தளத்துக்குள் போயிருக்கிறீர்களா? பார்ப்பதற்குச் சாது. நடுவில் நீளமாக ஒரு பெட்டி, அதற்குள் ஒரு கோடு மின்னி மின்னிக் காத்திருக்கிறது. வாடகை, கடை, கணவர் மரணம், மனைவி என்று ஆங்கிலத்தில் தட்டினேன். கொட்டியது பாருங்கள்... இந்த நாட்டில் வாடகைக்குக் கடை எடுத்தவர்கள் எல்லோரும் கோர்ட்டுக்குத்தான் போயிருக்கிறார்கள் போலிருக்கிறது.

இடது பக்கம் வடிகட்டிகள். எந்தக் கோர்ட், எந்த ஆண்டு, எந்தச் சட்டம் என்று டிக் அடித்துக் குறைத்துக்கொள்ளலாம். ஆஹா, அப்படியானால் நம்மூர் வழக்கை மட்டும் பார்ப்போமே என்று ஹைகோர்ட் பட்டியலில் புதுச்சேரியைத் தேடினேன். இல்லை. மறுபடியும் மேலிருந்து கீழே வந்தேன். இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. நமக்கென்று தனி முதல்வர் இருக்கிறார், தனி சட்டசபை இருக்கிறது, வண்டிக்குத் தனி நம்பர் இருக்கிறது, சரக்குக்குத் தனி விலையே இருக்கிறது! அது எப்படி நம்மை விட்டார்கள்? பிலோமினுக்கு போன் போட்டுப் புகார் சொன்னேன்.

"நம்ம ஹைகோர்ட் சென்னைல இருக்குடி. மெட்ராஸ்னு போடு" என்று கிசுகிசுத்தாள். கோர்ட் வராந்தாவில் நின்றிருக்க வேண்டும். "இன்னொண்ணு... கோரிமேட்டுக்கு அந்தாண்ட இருக்கறவங்க வாடகைச் சட்டம் வேற, நம்ம சட்டம் வேற. தமிழ்நாட்டு கேஸ எடுத்துக்கினு வந்து நிக்காத."

சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. கோரிமேட்டில் டீ குடிக்கிறவனுக்கே எந்தப் பக்கம் புதுச்சேரி, எந்தப் பக்கம் தமிழ்நாடு என்று தெரியாது. எனக்கு அதைத் திரையில் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்தேன்.

அடுத்த ஆபத்து நீல எழுத்து. ஒரு தீர்ப்பைத் திறந்தால், அதற்குள் இன்னொரு தீர்ப்பின் பெயர் நீலமாக இருக்கிறது. தொட்டால் அது திறக்கிறது. அதற்குள் இன்னொரு நீலம். இப்படியே போய்க்கொண்டிருந்தவள், ஒரு கட்டத்தில் நிமிர்ந்து பார்த்தால், ஒரு யானையை யார் வைத்துக்கொள்வது என்று இரண்டு பேர் போட்ட சண்டையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்! ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு நைட்டி வாங்கப் போய், பழைய மிக்ஸி ஜாரோடு திரும்புகிற கதைதான். யானை யாருக்குப் போயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் வெளியே வர மனசில்லை. இருவரில் வயதில் பெரியவருக்குத்தான். சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

திரும்பி வரலாம் என்று பின்னால் போகிற அம்புக்குறியை அமுக்கினேன். தேடியதெல்லாம் மறைந்து, பழைய காலிப் பெட்டி வந்து நின்றது. கோடு மின்னிக்கொண்டிருந்தது. எதுவுமே நடக்காத மாதிரி...

மறுபடியும் தட்டினேன். மறுபடியும் வடிகட்டினேன். இந்த முறை ஒரு வசதியைக் கண்டுபிடித்தேன். நாம் தேடும் வார்த்தைகள் தீர்ப்புக்குள் எங்கெல்லாம் வருகின்றனவோ அங்கெல்லாம் மஞ்சள் பூசியிருக்கிறது. மேலே ஒரு சின்ன அம்புக்குறி. அதைத் தட்டினால், நடுவில் இருப்பதையெல்லாம் தாண்டி அடுத்த மஞ்சளுக்கே நேராகக் கொண்டுபோய் விடுகிறது. முழுத் தீர்ப்பையும் யார் படிப்பது? மஞ்சளுக்கு மஞ்சள் தாவ ஆரம்பித்தேன். எனக்குள் ஒரு வக்கீல் இத்தனை வருடம் வீணாகிப் போனாளே என்று தோன்றியது.

மத்தியானம் அது கிடைத்தது. புதுச்சேரி வழக்கு! கடை. கணவர் இறந்துவிட்டார். மனைவி தொடர்ந்து நடத்துகிறார். சொந்தக்காரர் காலி செய்யச் சொல்கிறார். அம்புக்குறியைத் தட்டினேன். ஒரு பத்தி முழுக்க மஞ்சள். அப்படி ஒரு பத்தி! சின்னக் கடையில் கணவன் உழைப்பு, மனைவி உழைப்பு என்று பிரிக்க முடியாது. வீட்டிலிருந்தபடியே அவள் பார்க்கிற வேலையும் அந்தக் கடைக்கான வேலைதான். அவள் கடையில் உட்கார்ந்தாளா இல்லையா என்ற கேள்விக்கே இடமில்லை என்கிற மாதிரி அழகான ஆங்கிலத்தில் ஒருவர் பொழிந்து தள்ளியிருந்தார். எனக்குப் புல்லரித்தது. எழுதியவர் யாராக இருந்தாலும் அவர் மனைவி புண்ணியம் செய்தவள் என்று நினைத்துக்கொண்டேன்.

உடனே ஹசீனாவுக்கு போன்.

"ஜெயிச்சுட்டோம்!"

"இன்னாக்கா சொல்றீங்க?"

"கோர்ட்டே சொல்லியிருக்கு. உன்ன யாரும் அசைக்க முடியாது."

"அல்ஹம்துலில்லா" என்றாள். அப்போதுதான் அழுதாள். எனக்கும் கண்ணில் நீர். அந்தப் பத்தியை பிரின்ட் எடுத்து நாலாக மடித்து கைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும்.

மறுநாள் காலை, பிலோமின் ஆபீஸில் காபி வந்தது. நான் பையிலிருந்து தாளை எடுத்து, மேஜைமேல் விரித்து, தடவிக்கூட வைத்தேன். அவள் படித்தாள். புருவம் ஏறியது.

"நல்லாத்தான் இருக்கு. இது யாரு பேசறது?"

"யாருன்னா? ஜட்ஜ்தான்."

"இதுக்கு முன்பக்கம் எங்க?"

முன்பக்கமா? நான் எங்கே அங்கே போனேன்! அம்புக்குறி என்னை நேராக இங்கே அல்லவா கொண்டுவந்து இறக்கியது. பிலோமின் திரையில் அதே தீர்ப்பைத் திறந்து, அந்தப் பத்திக்குப் போய், மெதுவாக மேலே நகர்த்தினாள். முந்தின பக்கத்தின் அடியில், மஞ்சள் படாமல், ஒரு வரி இருந்தது. வாடகைதாரர் தரப்பு வக்கீல் முன்வைக்கும் வாதம் பின்வருமாறு...

"இது வக்கீல் பேசினதுடி. ஜட்ஜ் இல்ல. தீர்ப்புல மொதல்ல ரெண்டு பக்கமும் என்ன பேசினாங்கன்னு எழுதிட்டு, அப்புறம்தான் தன் முடிவச் சொல்வாங்க."

"சரி... முடிவு?"

கடைசிப் பக்கத்துக்குப் போனாள். என்னைப் பார்த்தாள். திரையை என் பக்கம் திருப்பினாள்.

மனைவி தோற்றிருந்தாள். கடையைக் காலி செய்ய உத்தரவு.

ஆக, நான் பிரின்ட் எடுத்து, மடித்து, தடவி வைத்திருந்தது... தோற்றுப்போன வக்கீலின் பேச்சு. காபி அப்போதும் சூடாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

நாம் எல்லோருமே இப்படித்தானோ? நமக்கு வேண்டியது மட்டும் மஞ்சளாகத் தெரிகிறது, மற்றதைத் தாண்டிவிடுகிறோம். என் கணவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் முடிந்து டிஸ்சார்ஜ் ஆனபோது டாக்டர் ஒரு தாள் கொடுத்தார். எண்ணெய்ப் பலகாரம் கூடாது, கொழுப்பு கூடாது, வறுவல் கூடாது... கடைசியில் கருணையோடு, எப்போதாவது சிறிதளவு பரவாயில்லை. மனிதர் அந்தக் கடைசி வரியை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார். மசால் வடையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் டாக்டரை மேற்கோள் காட்டுகிறார். அவரைக் கேலி செய்துகொண்டிருந்தவள்தான் நான்.

"அந்தப் பொண்ணுகிட்ட இன்னும் எதுவும் சொல்லலையே?" என்றாள் பிலோமின்.

நான் காபி டம்ளரைப் பார்த்தேன்.

"சொல்லிட்டியா?"

கோரிமேடு போகிற ஆட்டோவில் ஏறினேன். போன் மூலம் சொல்ல வாய் வரவில்லை. நல்ல சேதியை போனில் சொன்னவள், கெட்ட சேதிக்காவது நேரில் போக வேண்டாமா? வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கடை வாசலில் இறங்கினால், ஹசீனா முகமெல்லாம் சிரிப்பாக ஒரு இனிப்புப் பெட்டியை நீட்டினாள். பெட்டியில் ஒரே ஒரு லட்டு.

"ஒங்களுக்குன்னு எடுத்து வெச்சேன்க்கா. மத்ததெல்லாம் நேத்தே காலி. இந்த வரிசைல எல்லாக் கடைக்கும் குடுத்துட்டேன். வார்டு அம்மாங்களுக்கும் குடுத்தேன். முசியே வீட்டுக்கும் குடுத்தனுப்பிட்டேன்."

"முசியேவுக்கா?!"

"ஆமாக்கா. கோர்ட்டே எங்க பக்கம்னு சொல்லிடுச்சு, இருந்தாலும் ஒங்க மேல எனக்கு வருத்தம் இல்லன்னு சொல்லச் சொன்னேன்."

அந்த ஒற்றை லட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். எவ்வளவு சங்கடமாக இருந்தது என்று எழுதி மாளாது. ஹசீனாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு பெரியவர் வந்து மக்கு கேட்டார். எழுந்து எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில், "லட்டு தின்னவங்ககிட்டப் போயி திருப்பியா கேக்க முடியும்?" என்றாள். பாதி சிரிப்பு, பாதி அழுகை. "நீங்க தின்னுங்கக்கா. நீங்களும் நல்லதுக்குத்தானே ஓடுனீங்க."

தின்றேன்.

பிலோமின் என்னைச் சும்மா விடவில்லை. அந்தத் தீர்ப்பு முழுவதையும் பிரின்ட் எடுத்து என் கையில் திணித்திருந்தாள். "மொத வரிலேருந்து கடைசி வரி வரைக்கும் படி. அம்பு கிம்பு எதுவும் இல்ல, தாள்தான். அந்தம்மா ஏன் தோத்தாங்கன்னு வந்து சொல்லு." அபராதம் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டு மேஜையில் பரப்பி, பென்சிலும் கையுமாக, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி உட்கார்ந்து படித்தேன்.

மஞ்சள் இல்லாமல் படித்தால் தீர்ப்பு என்பது ஒரு கதை. அதில் ஒரு குடும்பம் இருக்கிறது, ஒரு சாவு இருக்கிறது, ஆளுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. அந்த அம்மாள் தோற்றதற்குக் காரணமும் இருந்தது. கணவர் கடை நடத்திய காலம் முழுக்க இந்த அம்மாள் வேறு ஊரில் இருந்திருக்கிறார். கணவர் போன பிறகுதான் வந்து கடையைத் திறந்திருக்கிறார். வீட்டு வேலையும் கடை வேலைதான் என்று வக்கீல் பொழிந்ததெல்லாம், அவர் கடையில் உட்காரவே இல்லை என்பதை மறைக்கத்தான்! நீதிபதி அதை ஏற்கவில்லை. ஆனால் ஏற்காத இடத்திலேயே இன்னொன்றையும் சொல்லியிருந்தார். கணவர் சாகிறவரை மனைவியும் கூடவே இருந்து அந்த வியாபாரத்தை நடத்தியிருந்தால் விஷயமே வேறு. சட்டம் அப்படிப்பட்டவரைத்தான் காப்பாற்றுகிறது.

அந்த வரியில் என் தேடல் வார்த்தை எதுவும் இல்லை. அதனால் மஞ்சள் பூசப்படவில்லை. அம்புக்குறி அதைத் தாண்டிக் குதித்துவிட்டது.

மேஜையிலிருந்து எழுந்தே விட்டேன். சாதிக் எங்கே கடையில் இருந்தார்? அவர் எந்நேரமும் வண்டியில் அல்லவா இருந்தார். கல்லாவில் இருந்தது ஹசீனாதானே! என்னை டீ குடிக்கச் சொன்னதே அவள்தானே!

பிலோமினிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். "இப்பத்தான்டி ஒழுங்காப் படிச்சிருக்க" என்றாள். மெச்சினாளா, குத்தினாளா தெரியவில்லை. "ஆனா நீ சாட்சி சொன்னா எடுபடாது. அவ சிநேகிதின்னு சொல்லிடுவாங்க. அவங்க மறுக்க முடியாத ஆளா வேணும். அவளையே கேட்டுப் பாரு."

கேட்டேன். ஹசீனா விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். வார்டு அம்மாக்கள், எதிர் டீக்கடை, பஸ் ஸ்டாப்பில் பூ விற்கிறவர்... "எத்தினி பேருக்குக்கா இந்தக் கையால சாமான் குடுத்திருக்கேன்! ஏன், முசியே சம்சாரம், அந்த மதாமை இந்த ஆஸ்பத்திரில சேத்திருந்தப்பக்கூட, அவரு தெனம் ரெண்டு வேளையும் எங்கிட்டத்தான் ஃபிளாஸ்க்கு நெறைய வெந்நி வாங்கிக்கினு போவாரு."

"யாரு, அந்துவானா?"

"ஆமா. பாவம், மனுசன் ஒடிஞ்சு போயிருந்தாரு. எங்க வீட்டுக்காரரு சரக்கெடுக்கப் போயிருப்பாரு, நான்தான் இருப்பேன். மதாம் நல்லாயி வீட்டுக்குப் போறப்ப, இங்க வந்து என் கையப் புடிச்சிக்கினு மெர்சி மெர்சின்னு நன்றி சொன்னாங்க."

இதை இவ்வளவு நாள் சொல்லவில்லையே என்று கேட்டேன். "நீங்க கேக்கலியேக்கா" என்றாள். நியாயம்தான். நான்தான் நேராக யானை வழக்குக்குப் போய்விட்டேனே.

பிலோமின் பதில் நோட்டீஸ் எழுதுவதற்கு முன்னால் அந்துவான் பக்கத்து வக்கீலிடம் பேசி, ஒரு முறை உட்கார்ந்து பேசலாமே என்றாள். அவரும் சரியென்றார். குறித்த நாளில் அந்துவான் தன் வக்கீலோடு வந்து சேர்ந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் தொப்பி, முகத்தில் எள்ளும் கொள்ளும். உட்கார்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"கேஸே போடல. அதுக்குள்ள ஜெயிச்சுட்டோம்னு வீட்டுக்கு லட்டு அனுப்பறதா? எந்த ஊரு நியாயம் இது? என் மதாம் அதத் தின்னு வேற தொலைச்சுட்டா!"

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஹசீனா தலையைக் குனிந்துகொண்டாள். பிலோமின் மட்டும் அசரவில்லை. "தப்புதான் முசியே. அந்த லட்டுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். ஒங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. மதாம் ஆஸ்பத்திரில இருந்தப்ப, சாதிக் கடைல ஒங்களுக்கு வெந்நி போட்டுக் குடுத்தது யாரு?"

அவர் வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்துவான் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஹசீனாவைப் பார்த்தார். கோபம் வடிவது கண்ணுக்குத் தெரிந்தது.

"இவதான்" என்றார். "வுய், ஆமா... இவதான். தெனமும். ஒரு நாள் நான் டம்ளரை எடுத்துக்கினு வர மறந்துட்டேன், இவளே ஒண்ணு குடுத்தா. இன்னும் எங்க வீட்ல இருக்கு அது."

"அப்போ இவங்க வீட்டோட இருந்தாங்க, கடைக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்லன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கே?"

"அப்படியா போட்டிருக்கு?" அவர் நிஜமாகவே திடுக்கிட்டார். பிலோமின் நோட்டீஸை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உதடு அசைய, முதலிலிருந்து படித்தார்.

"பையன் பாரீசிலேருந்து இந்த வக்கீலுக்கு மெயில் போட்டான். காயிதம் வந்துது, கையெழுத்துப் போடுன்னான். போட்டேன்." தாளைக் கீழே வைத்தார். "நான் படிக்கல."

அடப்பாவி மனுஷா! அந்த நிமிஷம் அவர்மேல் எனக்கு வந்த பாசத்தைச் சொல்ல முடியாது. ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நான் ஜெயித்தேன். ஒரு பக்கம்கூடப் படிக்காமல் அவர் வழக்குப் போட இருந்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒருத்தியின் கடை போக இருந்தது.

அவர் வெளியே போய் மகனுக்கு வாட்ஸப்பில் போன் செய்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். பிரெஞ்சில் சத்தம் கம்மி, தமிழில் சத்தம் அதிகம். "வெந்நி குடுத்தவள வீதில நிறுத்தச் சொல்றியா?" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. மகன் என்ன சொன்னான் என்று தெரியாது. அவரும் உள்ளே வந்து சொல்லவில்லை.

எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். அந்துவான் நல்லவர், அதற்காக ஏமாந்தவர் இல்லை. வாடகையை ஏற்றித்தான் கேட்டார். கடைக்கு மேலே இருந்த பரணைத் தன் பழைய பீரோவுக்காக எடுத்துக்கொண்டார். ஹசீனாவும் லேசுப்பட்டவள் இல்லை. கூரை ஒழுகுவதைச் சரிசெய்து கொடுத்தால்தான் ஏற்றின வாடகை என்று சொல்லிவிட்டாள். ஒரு வழியாக, சாதிக் பெயர் இருந்த இடத்தில் ஹசீனா பெயர் வருகிற மாதிரி புது ஒப்பந்தம் எழுதுவது என்று முடிவானது. கிளம்பும்போது அவர் தொப்பியை மாட்டிக்கொண்டே, "அந்த லட்டு எந்தக் கடைல வாங்கினது? மதாம் கேக்கறா" என்றார்.

ஒப்பந்தம் போன வாரம் பதிவானது. பிலோமின் ஒரு பிரதியை எனக்கும் அனுப்பி, "படி" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தாள். படித்தேன். சாட்சிகளின் தகப்பனார் பெயர் உட்பட.

அந்தத் தளத்தில் இப்போதும் எப்போதாவது உட்காருகிறேன், பிலோமின் இடம் கொடுத்தால். மஞ்சள்மேல் எனக்குக் கோபம் இல்லை. வழி காட்டுகிறது, பாவம், அதன் வேலை அது. அங்கே போய் இறங்கியதும் ரெண்டு பக்கம் மேலே நடந்து, இது யார் பேசுவது என்று பார்த்துக்கொள்கிறேன். வீட்டிலும் இதே பழக்கம் வந்துவிட்டது. என் கணவர் டாக்டரை மேற்கோள் காட்டும்போதெல்லாம் முந்தின வரியை நான் வாசித்துக் காட்டுகிறேன். வடை ஓரளவு குறைந்திருக்கிறது.

நேற்று கோரிமேட்டுக்குப் போயிருந்தேன். கடையில் நல்ல கூட்டம். திண்டிவனம் பஸ் அப்போதுதான் வந்திருக்கும் போல. ஹசீனா பாய் எடுத்துக் கொடுத்து, ஃபிளாஸ்க் எடுத்துக் கொடுத்து, யாரோ ஒருவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அதட்டிவிட்டு, என் பக்கம் வந்தாள். கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். அதே கடை. அதே லட்டு. மூடிமேல் கையை வைத்துக்கொண்டு திறக்காமல் நின்றாள்.

"அக்கா, அக்ரிமென்ட்ட கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டீங்களா?"

"படிச்சுட்டேன்."

"மொத வரி?"

"அதுவும்."

அதற்குப் பிறகுதான் மூடியைத் திறந்தாள்.